விருந்து மேசையில் கணவன் மனைவி சண்டையை வைத்துச் சொல்லும் படங்களில் உங்களை அதிகம் நெளியவைத்தது எது?

பாவ்லோ ஜெனோவேசே இயக்கி 2016-இல் வந்த இத்தாலியப் படம், 'பெர்ஃபெட்டி ஸ்கோனோஷ்யூத்தி'. ஒருத்தரை ஒருத்தர் துளியும் அறியாதவர்கள் என்று பொருள். "மிட்டாய் பேர் மாதிரி இருக்கே" என்றார் என் கணவர். முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சந்திர கிரகண இரவு, ஒரு தம்பதி வீட்டில் விருந்து. அவர்களையும் சேர்த்து மூன்று தம்பதிகள், தனியாக வந்த நண்பர் ஒருவர், ஆக ஏழு பேர். எல்லாரும் போனை மேசைமேல் வைக்க வேண்டும். செய்தி வந்தால் உரக்கப் படிக்க வேண்டும், அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் போட வேண்டும். இந்த யோசனையைச் சொல்லும் வீட்டுக்காரம்மா மனநல ஆலோசகர். அப்புறம் என்ன, கள்ளக்காதல்கள் வரிசையாக வெளியே வருகின்றன.

அதில் இரண்டு பேர் ஒரே மாதிரி போன் வைத்திருப்பதால் மாற்றிக்கொள்கிறார்கள். அந்தக் கூத்துக்குத்தான் அதிகம் சிரித்தோம். ஆனால் மனசில் நின்றது வேறு. வீட்டுக்காரரின் பதினேழு வயது மகள் அப்பாவுக்குப் போன் செய்கிறாள். காதலன் இன்று இரவு வீட்டுக்குக் கூப்பிடுகிறான், போகட்டுமா என்கிறாள். ஏழு பேர் காதில் விழுகிறது என்று அவளுக்குத் தெரியாது. அப்பா அதட்டவில்லை. பின்னால் நினைத்தால் உனக்குச் சிரிப்பு வருமா, அப்படியென்றால் போ என்கிற மாதிரி பதமாகப் பேசுகிறார். அம்மாவைப் பற்றி மகள் குறை சொல்வதையும் அம்மா அங்கேயே உட்கார்ந்து கேட்கிறாள். எந்தக் கள்ளக்காதலும் அந்த முகத்தைவிட என்னைச் சங்கடப்படுத்தவில்லை.

2019-இல் அதிகம் மறுவுருவாக்கப்பட்ட படம் என்று கின்னஸில் ஏறியபோதே 18 பதிப்புகள் வந்திருந்தன. 2024-இல் அக்‌ஷய் குமார் இந்தியில் நடித்தார். போன் இல்லாத ஊர் எது சொல்லுங்கள்.

இந்த வினையை நாங்களும் விலைக்கு வாங்கினோம். சிங்கப்பூரில் செங்காங்கில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ஒரு சனிக்கிழமை. தேக்கா சந்தையில் வாங்கிய பிரியாணி, நான் போட்ட தயிர்ப் பச்சடி. பக்கத்து புளோக் அக்காவும் அவர் வீட்டுக்காரரும், ஜூரோங்கிலிருந்து ஒரு தம்பதி. படக்கதையை நான்தான் வாய்விட்டேன். "நாமளும் ஆடிப் பாக்கலாமே" என்றார் அக்கா.

முதலில் பள்ளி வாட்ஸப் குழுவில் திங்கட்கிழமைத் தேர்வு பற்றி ஒரு செய்தி. சிரித்தோம். அடுத்து என் போன் மினுங்கியது. அக்கா எட்டி எடுத்து உரக்கப் படித்தார்: "அக்கா, பணம் வந்துருச்சு. மாமாவுக்குத் தெரியாம பாத்துக்க."

என் தம்பி. மாதம் இருநூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பழைய கடனை அடைக்காதவனுக்கு இனி ஒரு காசு போகக்கூடாது என்று எங்கள் வீட்டில் முடிவாகி ஒரு வருடம் ஆகியிருந்தது.

கணவர் பச்சடிக் கிண்ணத்தைத் தூக்கி, "யாருக்கு வேணும்?" என்றார். யாருக்கும் வேண்டாம். அக்கா சத்தமில்லாமல் தன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜூரோங்காரர்கள் கடைசி எம்ஆர்டி ரயில் போய்விடும் என்று எழுந்தார்கள். மணி ஒன்பதரை!

படத்தின் கடைசியில் ஒரு மோதிரம் மேசையில் சுழல்கிறது. கிரகணம் விட்டதும் பார்த்தால், அந்த ஆட்டமே நடக்கவில்லை. எல்லாரும் பழைய பொய்களோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். ஏமாற்று வேலை என்று பலருக்குக் கோபம், முதலில் எனக்கும்தான். ஆனால் மிச்சப் பிரியாணியை தபாவ் (பார்சல்) கட்டிக் கொடுத்து லிஃப்ட் வரை போய் வழியனுப்பி, மறுநாள் குழுவில் "சாப்பாடு சூப்பர்" என்று ஐந்து செய்திகளைப் படித்தபின், அந்த முடிவில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கணவர் அன்றிரவு பாத்திரம் கழுவியபடி, "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டார். எட்டு என்றேன். குழாயை மூடினார், போய்ப் படுத்துவிட்டார்.

மேசையைத் துடைக்கும்போதுதான் அவர் போன் அங்கேயே கிடப்பதைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஒரு முறைகூட அது ஒலிக்கவில்லையே என்று எடுத்துப் பார்த்தால், ஏரோப்ளேன் மோடில் இருந்தது.