வாசகர் கேள்வி பதில்: மரியாதை எங்க போச்சு?

கேள்வி: நான் ரிட்டயர்டு டீச்சர். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மரியாதைன்னா என்னன்னே தெரியல, பெரியவங்க எதிர்ல வந்து நின்னாலும் போன்ல இருந்து கண்ணை எடுக்கிறதில்ல. எங்க தப்பு பண்ணினோம்?

பதில்: உங்க ஆதங்கம் எனக்கும் இருக்கு டீச்சர். ஆனா பிள்ளைங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரல. போன மாசம் ஒரு ஆஸ்பத்திரில என் டோக்கனுக்காக உக்காந்திருந்தேன், அறுபது வயசு இருக்கும் ஒருத்தருக்கு, ஸ்பீக்கர்ல சத்தமா வீடியோ பாத்துட்டு இருக்கார், பக்கத்து சீட்டுல ஒரு அம்மா ஸ்கேன் கவரை மடியில வச்சுக்கிட்டு சத்தமில்லாம அழுறாங்க, அவர் திரும்பிக்கூடப் பாக்கல. எதிர்ல இருந்த காலேஜ் பொண்ணுதான் எழுந்து வந்து அந்த அம்மாகிட்ட தண்ணி பாட்டிலை நீட்டினா, அப்புறம் அவர்கிட்ட "அங்கிள், கொஞ்சம் சவுண்டை குறைக்கிறீங்களா"ன்னு தணிஞ்ச குரல்ல கேட்டா. அவர் முறைச்சார்! எனக்குத்தான் கூச்சமா போச்சு, அவ்ளோ நேரம் நானும் சும்மாதானே உக்காந்திருந்தேன்.

பிள்ளைங்க மேல இந்தக் குறை ரொம்பப் பழசுங்க. ஐரோப்பாவுல எராஸ்மஸ்னு ஒரு பெரிய அறிஞர், சட்டையில மூக்கைத் துடைக்காதேங்கிற அளவுக்கு இறங்கி வந்து பசங்களுக்கு லத்தீன்ல ஒரு புத்தகமே எழுதினார், 1530ல. நம்ம காலத்துல புதுசா வந்தது போன்தான். 2007ல ஐபோன் வந்துச்சு, 2012லயே எதிர்ல ஆளை வச்சுக்கிட்டு போனை நோண்டுறதுக்கு 'ஃபப்பிங்'னு ஒரு தனி வார்த்தையை ஆஸ்திரேலியாவுல உருவாக்கிட்டாங்க. அடுத்தவங்க முகத்தைப் பாத்தாதானே அவங்க களைச்சுப் போயிருக்காங்கன்னு தெரியும், எழுந்து இடம் கொடுக்கத் தோணும். வீட்டுல குழந்தை ஓடி வந்து எதையோ ஆசையா காட்டுது, நாம ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே "ம்ம்"ங்கிறோம், நாளைக்கு விருந்தாளி வந்தா அதுவும் அதே "ம்ம்"தான் சொல்லும். பேரப்பிள்ளைங்க பேச வந்தா நீங்க முதல்ல போனைக் கவுத்து வச்சுப் பாருங்க, நாலு நாள்ல மாறிடாது, ஆனா மாறும்.

கேள்வி: வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழுந்தும் பதில் போடாதது அவமரியாதை இல்லையா?

பதில்: எல்லா நேரமும் இல்லைங்க. 2014ல இந்த ப்ளூ டிக் வர்றதுக்கு முன்னாடி, படிச்சாங்களா இல்லையான்னு நமக்குத் தெரியவே தெரியாது, நிம்மதியா இருந்தோம். அவங்க வண்டி ஓட்டிட்டு இருக்கலாம், மனசு சரியில்லாம இருக்கலாம். அவசரம்னா போன் பண்ணிடுங்க. ஆனா ஒருத்தர் உதவி கேட்டோ, துக்கம் சொல்லியோ மெசேஜ் போட்டா "பாத்தேன், ராத்திரி பேசுறேன்"னு ஒரு வரியாவது போட்டே ஆகணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது.

கேள்வி: ஆபீஸ்ல டாய்லெட் க்ளீன் பண்றவருக்கு தினமும் தேங்க்ஸ் சொல்றேன், கூட இருக்கிறவங்க ஓவர்ங்கிறாங்க. ஓவரா?

பதில்: கிடையவே கிடையாது. மேனேஜர் ஒரு ஃபைல் அனுப்பினா மூணு தடவை தேங்க்ஸ் போடுறோமே, அது மட்டும் ஓவர் இல்லையாமா? அவர் பேரைக் கேட்டு வச்சுக்கோங்க, நாளைல இருந்து பேர் சொல்லியே சொல்லுங்க.