பழைய புத்தகங்களை இணையத்தில் விற்கும்போது தபால் செலவை யார் ஏற்க வேண்டும்?

கேள்வி: வீட்டில் இருக்கும் பழைய புத்தகங்களை முகநூலில் படம் போட்டு விற்கிறேன். 100 ரூபாய்ப் புத்தகத்துக்குத் தபால் செலவு 60 என்று சொன்னதும், ஆசையாகக் கேட்டவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். அந்தச் செலவை நானே ஏற்க வேண்டுமா?

பதில்:

நீங்கள் இதுவரை ஐந்தாறு புத்தகங்கள்தான் விற்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஐம்பது விற்றிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள், விற்பதையே விட்டிருப்பீர்கள். நான் நானூற்றுச் சொச்சம் விற்றிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

நீங்கள் ஏற்க வேண்டாம். ஆனால் புத்தகம் இவ்வளவு, தபால் இவ்வளவு என்று பிரித்தும் சொல்ல வேண்டாம். முதலில் கட்டுங்கள், பிறகு எடை போடுங்கள், இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லுங்கள். '90 ரூபாய், தபால் 60' என்று நான் போட்ட புத்தகம் ஒன்று மூன்று வாரம் சீந்துவாரில்லாமல் கிடந்தது. படத்தைக்கூட மாற்றாமல் '150 ரூபாய், வீட்டுக்கே வந்து சேரும்' என்று எழுதினேன். அன்று சாயங்காலமே போய்விட்டது. இது ஏமாற்று வேலை என்று சொல்லச் சிலர் வருவீர்கள். ஒரு பைசா கூட்டவில்லை ஐயா, அதே 150தான். புத்தகத்துக்குக் கொடுக்கும் பணம் புத்தகத்துக்குப் போகிறது, தபாலுக்குக் கொடுக்கும் பணமோ விற்பவளின் முந்தானை முடிச்சுக்குப் போகிறது என்று நம் ஆட்களுக்கு ஏனோ ஓர் எண்ணம்.

நான் புத்தக வியாபாரி இல்லை. அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு கும்பகோணத்து வீட்டில் சுமார் 900 புத்தகங்கள் இருந்தன. வீட்டை விற்பது என்று முடிவானதும் அண்ணன், 'எடைக்குப் போட்டுவிடு' என்றான். பழைய பேப்பர் கடைக்காரர் கிலோவுக்கு 12 ரூபாய் என்றார். அப்பா பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டிய காசை மிச்சம் பிடித்து நடந்துபோய் வாங்கிய புத்தகங்கள் கிலோ 12 ரூபாய்! அந்த ஆத்திரத்தில்தான் முகநூலில் விற்க ஆரம்பித்தேன். 'அப்பாவின் புத்தகங்களை விற்றுக் காசு பார்த்தவள்' என்று கீழே எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். எழுதும் முன் உங்கள் வீட்டுப் பரணில் ஏறி ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

நூலகத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். இரண்டு பைகளில் மாதிரிக்கு எடுத்துக்கொண்டு ஆட்டோ வைத்துப் போனேன். இடமில்லை என்றார்கள். பட்டியல் எழுதி மனுவாகக் கொடுங்கள், மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்றார்கள். 900 புத்தகங்களுக்கும் ஆசிரியர் பெயர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு என்று கோடு போட்டு எழுதி நான்கு நோட்டுகள் கொடுத்தேன். பதில் இல்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த நோட்டுகளே இல்லை! 1948 முதல் நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் இருக்கிறது, ஒவ்வொரு முறை சொத்து வரி கட்டும்போதும் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அப்பா ஒரு தவணை தவறியதில்லை. அவருடைய புத்தகங்களுக்கு ஓர் அலமாரி கிடைக்கவில்லை. போகட்டும். நீங்கள் கேட்டது தபால் செலவு.

ஆரம்பத்தில் எனக்குத் தபால் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பதிவுப் புத்தகத் தபால் என்று ஒன்று இருந்தது. ஒரு கிலோ கட்டு 32 ரூபாயில் போய்விடும். கட்டின் ஒரு முனையை மூடாமல் சணல் கட்டி, மேலே 'அச்சிட்ட புத்தகம்' என்று எழுதிக் கொடுத்தால் போதும். 2024 டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ஐந்து கட்டுகளோடு போய் நின்றேன். கணினியில் அந்தப் பிரிவே இல்லை, எடுத்துவிட்டார்கள் என்றார் கவுன்ட்டரில் இருந்த பிள்ளை. அவருக்கே அன்று காலையில்தான் தெரியுமாம். பதிவுப் பார்சலில் அனுப்பினால் அதே கிலோவுக்கு 78 ரூபாய். ஐந்து பேரிடமும் பழைய கணக்கில் பணம் வாங்கியாகிவிட்டது. கூடுதலைக் கைக்காசு போட்டுக் கட்டினேன். அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் ஐந்தில் இரண்டு புத்தகங்களைப் பேப்பர் கடை விலைக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென்றே அஞ்சல் துறையின் கியான் போஸ்ட் என்ற சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. விமானத்தில் போகாது, தரைவழிதான், ஆகவே மெதுவாகப் போகும். ஆனால் எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். கணக்கைப் பாருங்கள்: 250 கிராம் புத்தகத்தைத் தனியாக அனுப்பினால் தபாலுக்கே 20 ரூபாய். கட்டும் தாளின் எடையை விட்டுவிட்டால், அதே போல் இருபது புத்தகங்களைச் சேர்த்துக் கட்டினால் தலைக்கு 5 ரூபாய். ஆகவே ஒற்றைப் புத்தகம் கேட்டு வருகிறவரிடம், 'இன்னும் நான்கு இருக்கிறது, பார்க்கிறீர்களா' என்று கேளுங்கள். தபால் செலவு கசக்கிறது என்றவரே அந்த நான்கையும் எடுத்துக்கொள்வார். இதை நான் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆயிற்று.

ஆனால் கியான் போஸ்டில் எல்லாம் போகாது. இதைக் கற்றுக்கொண்ட கதைதான் நான் சொல்ல வந்தது.

அம்மா வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. அப்படி ஒரு தடித்த பைண்டிங்கை விலைக்குப் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். அந்தக் கதையைச் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படித்தாராம். 310 ரூபாய், எல்லாம் சேர்த்து என்று சொன்னேன். என் மனக்கணக்கு: புத்தகம் 250, தபால் 60. ஜிபேயில் உடனே அனுப்பிவிட்டார்.

எடையைச் சமையலறைத் தராசில் பார்த்திருந்தேன், 960 கிராம். கட்டியபின் பார்க்கவில்லை. ஓரம் மடங்காமலிருக்க இரண்டு பக்கமும் தினசரிக் காலண்டர் அட்டை வைத்துக் கட்டுவது என் வழக்கம். (புத்தகம் அனுப்ப அதைவிட நல்ல அட்டை கிடையாது. தை பிறந்ததும் தெருவில் யார் வீட்டுப் பழைய காலண்டரையும் விடமாட்டேன்.) அதற்கு மேல் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அதன் மேல் பிரவுன் தாள். தபால் நிலையத் தராசில் கிலோவைத் தாண்டிவிட்டது. சரி, அடுத்த படி, கொஞ்சம்தான் கூடும் என்று நினைத்தேன்.

'உள்ளே என்ன மேடம்?' என்றார் அதே பிள்ளை.

புத்தகம் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். தமிழாசிரியர் வீட்டுப் பெண், வாய் சும்மா இருக்குமா? பத்திரிகையில் வந்த தொடர்கதை, பைண்டு செய்தது என்றேன். பழைய பழக்கத்தில் ஒரு முனையை மூடாமல் வைத்திருந்தேன். அவர் அந்த வழியாக உருவி எடுத்தார். கதைப் பக்கத்தின் பின்னால் பல்பொடி விளம்பரம், அடுத்த தாளில் கூந்தல் தைலம். 'மேடம், தவணை முறையில் வரும் இதழ்களுக்கும் விளம்பரம் உள்ள அச்சுக்கும் இது கிடையாது' என்றார். 'தம்பி, அந்தப் பல்பொடி நின்றே நாற்பது வருடம் இருக்கும், இதைப் பார்த்து யார் வாங்கப் போகிறார்கள்' என்றேன். அவர் சிரித்தார். ஆனால் விதி விதிதான், அவர் மேல் குறையில்லை. விளம்பரம் எத்தனை இருக்கிறது என்று புரட்டிக்கொண்டே போனவர் நடுவில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். விளம்பரமில்லாத பக்கம் அது. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் செல்வமகள் பாஸ்புக்கை மேஜையில் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் நிமிர்ந்தார்.

பார்சலில்தான் போயிற்று. 110 ரூபாய்க்கு மேல் ஆனது. பெரியவருக்குப் போன் செய்து, 'சார், தபால் 50 ரூபாய் கூடுதலாகிவிட்டது, பாதியாவது…' என்று இழுத்தேன். 'பேசியது பேசியதுதானே அம்மா' என்றார். நியாயம்தான். ஒரே தொகையாகச் சொன்னால் லாபமும் நம்முடையது, நட்டமும் நம்முடையது. மேலே நான் சொன்ன யோசனையில் இருக்கும் பள்ளம் இது, மறைக்கவில்லை. அதனால்தான் கட்டிய பிறகு எடை போடுங்கள் என்று சொல்கிறேன்.

அதோடு முடியவில்லை. பத்து நாள் கழித்து அவரே அழைத்தார். குரலில் அழுகை இல்லை, ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான். 'கடைசி அத்தியாயம் இல்லையே அம்மா.' அம்மா அந்த வாரப் பத்திரிகையை விட்டுவிட்டாரா, பைண்டு செய்தவர் விட்டுவிட்டாரா தெரியவில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். பணம் வேண்டாம், அந்தக் கதை எப்படி முடிந்தது என்று சொல்லுங்கள் என்றார். நான் அதைப் படித்ததே இல்லை. விற்கிறவர்கள் எல்லாம் படித்தவர்கள் என்று நினைக்காதீர்கள்.

இரண்டு நாள் தேடினேன். அம்மாவின் பட்டுப்புடவைப் பெட்டியில், புடவைக்கு அடியில் விரித்திருந்த தாள்களில் கிடைத்தது. நான்கு தாள், ஓரம் பழுப்பேறி நாப்தலின் வாசனையோடு. படித்துப் பார்த்தேன். முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். சாதாரண உறையில் போட்டு 5 ரூபாய் தபால் தலை ஒட்டி அனுப்பினேன். பதிவும் கிடையாது, பின்தொடர எண்ணும் கிடையாது, போய்ச் சேர்ந்தால் சேரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் காலையில் ஜிபேயில் ஒரு செய்தி வந்தது. கோயம்புத்தூர்ப் பெரியவரிடமிருந்து 5 ரூபாய். குறிப்பு எழுதும் இடத்தில் 'தபால் செலவு' என்று போட்டிருந்தார்.