தைரொயிட் மாத்திரைக்குப் பதிலாக ஊசி போடலாமா? அதன் பக்கவிளைவுகள் என்ன?

பண்டாரவளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்குத் தைரொயிட் குறைவு, மாத்திரை குடித்தும் டி.எஸ்.எச். (தைரொயிட் குறையும்போது இரத்தத்தில் கூடுகிற ஹோர்மோன்) இறங்கவில்லை, ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகுமா, பக்கவிளைவு இருக்குமா என்று.

நடமாடிக்கொண்டு, வாயால் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற ஒருவருக்கு அந்த ஊசி அநேகமாகத் தேவைப்படாது. நான் மலையகத்தில் ஒரு வைத்தியசாலையின் மருத்துவ வார்டில் தாதி. "மாத்திர கேக்குதில்ல மிஸ்ஸி, ஒரு ஊசியப் போட்டு விடுங்க" என்று தோட்டத்து அம்மாமார் கேட்பது எனக்குப் புதிதல்ல. ஊசிதான் பலமான மருந்து என்ற நம்பிக்கை நம் ஆட்களிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த மருந்தைப் பொறுத்தவரை அந்தப் பலம்தான் ஆபத்து.

லெவோதைரொக்சின், அதாவது மாத்திரையில் இருக்கும் அதே தைரொக்சின் ஹோர்மோன், ஊசியாக முக்கியமாக ஒரு நிலைமைக்கென்றே உள்ளது. தைரொயிட் குறைவைப் பல காலம் கவனிக்காமல் விட்டவர், அல்லது மாத்திரையை நிறுத்தியவர், நெஞ்சில் சளிக்காய்ச்சலோ கடும் குளிரோ தாக்கும்போது மயக்க நிலைக்குப் போய்விடலாம். மிக்சிடீமா கோமா என்பார்கள். உடம்பு சில்லிட்டுப் போகும், நாடி மந்தமாகும், மூச்சு குறையும், முகம் ஊதியிருக்கும். குடலும் மந்தமாகிவிடுவதால் வயிற்றுக்குள் போகும் மருந்து எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்று நம்ப முடியாது. அதனால்தான் நேராக இரத்த நாளத்தில் போடுகிறார்கள்.

இனி பக்கவிளைவுக்கு வருகிறேன். முதல் பயம் இருதயம்தான். மாதக்கணக்கில் மெதுவாக ஓடிப் பழகிய இருதயத்தை இந்த ஹோர்மோன் வேகப்படுத்துகிறது, அதற்கு ஒட்சிசன் தேவை கூடுகிறது. இரத்தக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் நெஞ்சுவலி, மாரடைப்பு, தாளம் தவறிய துடிப்பு, இருதயம் பலவீனமாகி மூச்சு முட்டுவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். வழமையாக முதல் டோஸ் 200 முதல் 400 மைக்ரோகிராம். வயதானவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் அதிலும் குறைவாகவே தொடங்குவார்கள். 500க்கு மேல் போனால் இருதயச் சிக்கல் வருகிறது என்பது மருந்தின் எச்சரிக்கையிலேயே இருக்கிறது. தூளாக வரும் மருந்தை 5 மில்லிலீட்டர் சேலைனில் கரைத்து, நிமிடத்துக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும். அந்த நேரம் என் ஒரு கண் சிரிஞ்சில், மறு கண் மொனிட்டரில்.

இரண்டாவது ஆபத்து வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. சிலருக்குத் தைரொயிட்டோடு சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியும் பலவீனமாக இருக்கும். அது தெரியாமல் தைரொக்சினைக் கொடுத்தால், அந்தச் சுரப்பி சுரக்கும் கோட்டிசோல் என்ற ஹோர்மோன் இன்னும் வேகமாகத் தீர்ந்து, பிரஷர் தடாலென்று விழும். அதனால் கோட்டிசோலை ஈடுசெய்யும் ஹைட்ரோகோட்டிசோன் ஊசி முதலில், தைரொக்சின் பிறகு. இந்த வரிசையில் எந்த அவசரத்திலும் விட்டுக்கொடுப்பே கிடையாது.

கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு, வயிற்றோட்டம், காய்ச்சல் எல்லாம் அளவு கூடியதற்கான அறிகுறிகள். சீனி வருத்தக்காரருக்கு இன்சுலின் தேவை கூடும். இரத்தம் கட்டியாகாமல் இருக்க வோபரின் மாத்திரை குடிப்பவருக்கு இரத்தம் உறையாமல் கசியும் ஆபத்து அதிகம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் அளவில் ஆகும். ஊசியை நிறுத்திய கையோடு பக்கவிளைவும் நின்றுவிடாது. உடம்பு மெலிய இதைப் போடச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அதே ஏழு நாள் கணக்கில் ஒரு ஆறுதலும் உண்டு. ஒபரேஷனுக்காக ஓரிரு நாள் வாயால் எதுவும் எடுக்க முடியாமல் போனால் பயப்படத் தேவையில்லை, முன்பு குடித்த மருந்து உடம்பில் இருக்கும். அந்த இடைவெளிக்குப் பெரும்பாலும் ஊசி போடுவதில்லை.

அம்மாவின் டி.எஸ்.எச். ஏன் இறங்கவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாத்திரையை எப்படிக் குடிக்கிறார்? விடிய எழும்பி, பால் தேத்தண்ணியோடு மாத்திரையையும் விழுங்கிவிட்டு மலைக்கு ஓடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இரத்தக் குறைவுக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் அதே கையில் இருக்கும். தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரும் சாப்பாடும். இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் முடியாதவர்கள் டொக்டரிடம் கேட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது குடிக்கலாம். கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு இதுதான் வசதி என்பது என் அபிப்பிராயம். அப்படிக் குடித்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் சோதித்துப் பாருங்கள். கிளினிக் கொப்பியோடு வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைக் கவர்களையும் கொண்டுபோங்கள்.

அம்மா எப்போதாவது வழமைக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், பேச்சு இழுத்தால், உடம்பு சில்லிட்டால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டு, தைரொயிட் நோயாளி என்று முதலிலேயே சொல்லுங்கள். சுடுதண்ணிப் போத்தலைக் காலில் வைக்காதீர்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் எல்லோரும் பாசத்தில் செய்வதுதான். ஆனால் இந்த நிலையில் திடீர்ச் சூடு தோலின் இரத்தக் குழாய்களை விரித்துப் பிரஷரை விழுத்திவிடும். கம்பளியால் நன்றாகப் போர்த்திக் கொண்டுவந்தால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.