ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு சர்ச் ஸ்கூலில் இடம் கிடைக்குமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். சைவக் குடும்பம். மகள் அடுத்த செப்டம்பரில் பள்ளியின் தொடக்க வகுப்பான ரிசெப்ஷனுக்குப் போக வேண்டும். அடுத்த தெருவிலேயே நல்ல பெயரெடுத்த சர்ச் ஆஃப் இங்கிலாந்து பள்ளி இருக்கிறது. ஞானஸ்நானம் எடுத்தால்தான் இடம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தேவாலயத்துக்கு நன்கொடை கொடுத்தால் சரிவரும் என்கிறார் இன்னொருவர். சேர்த்தாலும் பிள்ளையைக் கட்டாயமாக ஜெபம் செய்ய வைப்பார்களோ என்று மாமியாருக்குப் பயம். என்ன செய்வது?

பதில்: முதலில் நன்கொடைப் பேச்சை விட்டுவிடுங்கள். பெற்றோர் பள்ளிக்கோ திருச்சபைக்கோ தரும் பணத்தையும் உதவியையும் பார்த்து முன்னுரிமை கொடுப்பதை இங்கிலாந்தின் பள்ளிச் சேர்க்கை விதிகள் தடை செய்கின்றன. இடம் தருவதற்காக உங்களையோ மகளையோ நேர்காணலுக்குக் கூப்பிடவும் கூடாது.

ஞானஸ்நானம் அவ்வளவு லேசான விஷயம் இல்லை. 2010 சமத்துவச் சட்டம் சமயப் பள்ளிகளின் சேர்க்கைக்கு விலக்கு தருகிறது. ஆகவே விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சும்போது ஆங்கிலிக்கன் (சர்ச் ஆஃப் இங்கிலாந்து) குடும்பத்துப் பிள்ளைகளை முன்னே வைப்பது சட்டப்படி சரிதான். ஆனால் இடம் மிச்சமிருந்தால், இந்துப் பிள்ளை என்று சொல்லி மறுக்கவே முடியாது.

இனி உங்கள் வேலை அந்தப் பள்ளியின் சேர்க்கை விதிகளை வரி வரியாக வாசிப்பது. பள்ளியின் இணையதளத்திலேயே இருக்கும். 'வாலண்டரி கண்ட்ரோல்ட்' வகையென்றால் சேர்க்கை பொதுவாக கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) கையில். 'வாலண்டரி எய்டட்' என்றால் பள்ளியின் ஆளுநர் குழு தீர்மானிக்கும். தேவாலய வருகைக்கு முன்னுரிமை கேட்பது பெரும்பாலும் இங்கேதான். அங்கேயும் சில பள்ளிகள் ஒரு பகுதி இடங்களை மதம் பார்க்காமல், வீட்டுத் தூரத்தை வைத்தே கொடுக்கின்றன. வேறு சமயத்தைக் கடைப்பிடிக்கும் குடும்பத்துக்குத் தனி வரிசை வைத்து, கோயில் குருக்களின் கடிதத்தை ஏற்கும் பள்ளிகளும் உண்டு. இதைத் தெரியாமலே எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். தூரத்தை நேர்கோட்டில் அளக்கிறார்களா, நடந்துபோகும் வழியிலா என்றும் பாருங்கள். போன வருஷம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கவுன்சிலிடம் கேளுங்கள். அடுத்த தெருவில் இருப்பவர்களுக்கு அதுதான் பெரிய பலம்.

இடத்துக்காக மட்டும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பல பள்ளிகள் கேட்பது நீண்ட காலமாகத் தேவாலயத்துக்குப் போய்வந்ததற்கான குருவானவரின் கையெழுத்து. இப்போது எடுக்கிற ஞானஸ்நானம் அங்கே உதவாது. பொய்த் தகவலோ பொய் முகவரியோ கொடுத்தால், கொடுத்த இடத்தையே திரும்ப எடுக்கலாம். நடுவில் அல்லல்படப்போவது பிள்ளை.

விண்ணப்பம் கவுன்சில் படிவத்தில், ஜனவரி 15-க்குள். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். நீங்கள் எதை முதலாவதாகப் போட்டீர்கள் என்று பள்ளிக்குத் தெரியாது. அதனால் விரும்புகிற வரிசையிலேயே தயங்காமல் எழுதுங்கள், பக்கத்தில் உள்ள சமயம் சாராத பள்ளி ஒன்றையும் சேருங்கள். பள்ளி கேட்கும் துணைப் படிவம் சமய முன்னுரிமை கோருபவர்களுக்கானது. அதைக் கொடுக்காவிட்டாலும் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்தே ஆக வேண்டும்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: 1998-ம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 71-வது பிரிவுப்படி, கூட்டு வழிபாட்டிலிருந்தும் சமய பாடத்திலிருந்தும் மகளை முழுதாகவோ ஓரளவோ விலக்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் போதும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் நடிக்கட்டும், ஜெபம் மட்டும் வேண்டாம் என்றாலும் எழுதலாம்.

முடிவு ஏப்ரல் 16 அன்று வரும். கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் தர வேண்டும். ஆனால் ரிசெப்ஷன் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்ற சட்ட வரம்பு குறுக்கே நிற்கும்போது, 'பக்கத்தில் இருக்கிறோம், ஆசையாக இருக்கிறோம்' என்ற வாதம் எடுபடாது. விதிகளைத் தப்பாகப் பொருத்தினார்கள், தூரத்தைத் தவறாக அளந்தார்கள் என்று காட்ட வேண்டும். அனுப்பிய எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். காத்திருப்புப் பட்டியலிலும் பெயர் போடுங்கள். அதைக் குறைந்தது டிசம்பர் 31 வரை பள்ளி வைத்திருக்க வேண்டும், அதில் முன்னே பின்னே வருவதும் அதே சேர்க்கை விதிப்படிதான்.