பெரு பயணம்: ஏற்காட்டுக்காரருக்கும் மூச்சு வாங்கும்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் பார்த்துக்கொள்கிறேன். அறுவடை முடிந்து வேலை குறைவாக இருக்கும் ஜூன் மாதத்தில் 20 நாள், தோளில் ஒரு பையோடு தனியாகப் பெரு நாட்டைச் சுற்றிவர ஆசை. சேலத்தில் ஒரு ஏஜென்ட் லிமா, குஸ்கோ, ரெயின்போ மலை, மச்சு பிச்சு என்று எட்டு நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். "மலையிலேயே பொறந்து வளர்ந்தவரு, உங்களை உயரம் ஒண்ணும் பண்ணாது சார்" என்கிறார். முன்பணம் கட்டலாமா? அங்கே எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: இந்தத் திட்டத்துக்குக் கட்டாதீர்கள். ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த இரவு, எந்த உயரத்தில் தூங்குகிறேன்? பதில் வராது. இத்தகைய எட்டு நாள் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். முதல் இரவு லிமா, கடல்மட்டம். மறுநாள் விமானத்தில் குஸ்கோ, 3,400 மீட்டர். அதற்கு அடுத்த நாள் விடியற்காலை மூன்று மணிக்கு வேனில் ஏற்றி ரெயின்போ மலை. அது 5,000 மீட்டருக்கும் மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். இரண்டே நாளில் அந்த உயரத்துக்குப் போனால் தலைவலியும் வாந்தியும்தான் மிஞ்சும்.

நீங்கள் மலைக்காரர் என்பது இங்கே உதவாது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர், சேர்வராயன் கோயில் உச்சியே 1,623 தான். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. இருபது கொண்டை ஊசி வளைவையும் தினம் ஏறி இறங்குகிற உங்கள் காலுக்கு வலு இருக்கும், ஆனால் குஸ்கோவில் கஷ்டப்படப்போவது கால் இல்லை. வாலிபம், உடற்பயிற்சி எதுவும் இதற்குக் காப்பு கிடையாது. திடகாத்திரமானவர்கள் வேகமாக ஏறிவிட்டு முதலில் படுப்பது அங்கே வாடிக்கை.

3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் உயரமான கணவாயைக் கடந்து இறங்கிவிடலாம், இரவு எங்கே படுக்கிறோம் என்பதே முக்கியம். உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வழக்கமாக 125 மி.கி. காலை, மாலை என்று ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை போட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், அன்றைக்கே கீழே இறங்க வேண்டும். "ராத்திரி தூங்கினா சரியாயிடும்" என்று காத்திருந்து உயிரை விட்டவர்கள் உண்டு.

ஆகவே 20 நாளில் இந்தியாவிலிருந்து போய்வர நான்கு நாள் கழித்து, மீதியை ஏறுவரிசையில் அடுக்குங்கள். லிமாவில் ஒரு நாள். அடுத்து பஸ்ஸில் தெற்கே நாஸ்கா. பாலைவனத் தரையில் கீறப்பட்ட அந்த மாபெரும் கோடுகளைப் பார்க்கக் குட்டி விமானத்துக்குக் காசைக் கொட்டலாம். நெடுஞ்சாலை ஓரத்துக் கோபுரத்தில் ஏறினால் சில சோலுக்கே (சோல், பெரு நாணயம்) இரண்டு மூன்று உருவங்கள் தெரியும், பை தூக்கிப் பயணிக்கு அது போதும். அங்கிருந்து இரவு பஸ்ஸில் அரெகிபா, 2,335 மீட்டர். வெள்ளை எரிமலைக் கல்லில் கட்டிய ஊர். உடம்பு பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான படிக்கட்டு அந்த வழியில் கிடையாது, மூன்று இரவு இருங்கள். பிறகு கோல்கா பள்ளத்தாக்கில் இரண்டு இரவு. காலை வெயில் ஏறும் நேரத்தில் கொண்டோர் கழுகுகள் உங்கள் கண்மட்டத்திலேயே மிதந்து போகும். போகிற வழியில் சாலை 4,900 மீட்டர் கணவாயைக் கடக்கும். தலை கனக்கும், இறங்கியதும் தெளியும். டிடிகாகா ஏரிக்கரைப் புனோ 3,800 மீட்டர். நாள் இடித்தால் அதை வெட்டிவிடுங்கள், பெரிய நஷ்டமில்லை.

குஸ்கோ போய்ச் சேர்ந்ததும் நேராக ஒயாந்தைதம்போ போய்விடுங்கள். அது 2,800 மீட்டர்தான். இன்கா காலத்துத் தெருவும் வாய்க்காலும் இன்றும் புழக்கத்தில் இருக்கிற ஊர், மச்சு பிச்சு ரயிலும் அங்கிருந்தே கிளம்புகிறது. ஒயாந்தைதம்போ, பிசாக், சக்சைவமான் எல்லாம் ஒரே சுற்றுலாச் சீட்டில் அடங்கும். 16 இடங்களுக்கு 10 நாள் செல்லும் சீட்டு 130 சோல். மச்சு பிச்சு இதில் சேராது. சேரும் என்று சொல்கிறவர் உங்கள் பணத்தைத்தான் குறிவைக்கிறார்.

இனி மச்சு பிச்சு. ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். "நுழைவுச் சீட்டு உள்பட" என்று எழுதிக் கொடுத்தால், எந்தச் சுற்று என்று கேளுங்கள். 2024 ஜூனிலிருந்து மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்து வழித்தடங்கள். படங்களில் பார்க்கிற காட்சியோடு நகரத்துக்குள்ளும் நடக்க வேண்டுமென்றால் 2-ஆம் சுற்று. 1-ஆம் சுற்று மேலிருந்து பார்ப்பது. 3-ஆம் சுற்று கீழ்ப்பகுதி, அந்தப் புகழ்பெற்ற காட்சி அதில் கிடைக்காது. ஏஜென்டுகள் கடைசி நேரத்தில் எது மிச்சமோ அதை வாங்கித் தள்ளிவிடுவார்கள். உள்ளே போய் ஒரு சுற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியாது, வெளியே வந்தால் திரும்ப நுழையவும் முடியாது. 2025-இல் வெளிநாட்டிலிருந்து வரும் வயதுவந்தவருக்கு 152 சோல். பெரு கலாச்சார அமைச்சகத்தின் 'து போலேத்தோ' தளத்தில் நீங்களே வாங்கலாம். தேடினால் அதற்கு மேலே, அரசுத் தளம் போலவே வேஷம் கட்டிய விற்பனைத் தளங்கள் வந்து நிற்கும். அதே சீட்டுக்குக் கூடுதலாகப் பல டாலர் பிடுங்குவார்கள்.

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். நம் ஊரில் இன்ஷியலை ஒருவர் விரித்து எழுதுவார், ஒருவர் விட்டுவிடுவார். அங்கே வாசலில் அசல் பாஸ்போர்ட்டைச் சீட்டோடு ஒப்பிடுகிறார்கள். 40×35×20 செ.மீ.க்குப் பெரிய பை உள்ளே போகாது. முதுகுப்பையை ஒயாந்தைதம்போ விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

"ஆன்லைனில் முடிந்துவிட்டது, இனி என்னிடம்தான் சீட்டு" என்பது அடுத்த வலை. ஆன்லைனில் முடிந்தாலும், மலையடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தேஸில் மறுநாளைக்கான 1,000 சீட்டுகளைக் கவுன்டரில் நேரில் விற்கிறார்கள். ஆனால் இதை நம்பிக் கிளம்புமுன் யோசியுங்கள். பாஸ்போர்ட்டோடு நீங்களே வரிசையில் நின்று முதலில் எண் வாங்க வேண்டும். பிறகு உங்கள் எண் வரும் நேரத்துக்குத் திரும்பப் போய்ச் சீட்டு வாங்க வேண்டும். உங்கள் முறை வரும்போது 2-ஆம் சுற்று தீர்ந்திருக்கலாம், அல்லது மதிய நேரம் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். ஜூனில் இன்னும் மோசம், 24-ஆம் தேதி குஸ்கோவில் இந்தி ராய்மி என்ற இன்கா சூரிய விழா, கூட்டம் கூடும். ஆக இந்த வழிக்கு அந்த ஊரில் குறைந்தது இரண்டு இரவு கையில் வேண்டும், திரும்பும் ரயில் சீட்டை முன்னதாக வாங்கிப் பூட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டும் முடியாதவர் இந்தக் கவுன்டர் இருப்பதையே மறந்துவிடலாம். இத்தனை பேர் வரும் இடத்துக்கு இப்படி ஒரு வரிசை முறை வைத்திருக்கும் நிர்வாகத்தை என்ன சொல்ல! சீட்டு விற்பனையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து 2024 ஜனவரியில் உள்ளூர்க்காரர்கள் ரயில் பாதையையே மறித்தார்கள். மறியல் அங்கே புதிதல்ல, ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

மச்சு பிச்சுவுக்கு மலைவழியே நடந்தே போகும் பழைய வழி இன்கா பாதை. ஜூனுக்கு "இன்கா பாதை நடை உறுதி" என்று ஏப்ரலில் ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். வழிகாட்டி, சுமைதூக்கி எல்லோரையும் சேர்த்தே நாளொன்றுக்கு 500 பேர்தான், மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அதற்குப் பதில் சோக்கெகிராவ் போங்கள். மலைச்சரிவில் பெரிய இன்கா நகரம், ரயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. அபுரிமாக் ஆற்றுக்கு, அதாவது ஏறத்தாழ ஏற்காட்டின் உயரத்துக்கு இறங்கி, மறுகரையில் 3,000 மீட்டர் வரை ஏறி, அதே வழியில் திரும்ப வேண்டும். நான்கு நாள். உங்கள் கால் வலு இங்கேதான் பலன் கொடுக்கும். வடக்கே வாராஸ் பக்கத்துப் பனிமலைகளும் அருமைதான், ஆனால் இதே பயணத்தில் இரண்டையும் திணிக்காதீர்கள்.

விசா தேவை, தூதரகம் டெல்லியில். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலிய அல்லது ஷெங்கன் விசா இருந்தால் வேண்டாம். அமெரிக்கா வழியாக விமானம் போட்டால் இறங்கி மாறுவதற்கே அந்நாட்டு விசா கேட்பார்கள். விலை குறைவென்று ஏஜென்ட் அந்த வழியைப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஏஜென்ட் வாயே திறக்காத சங்கதி மஞ்சள் காய்ச்சல் ஊசி. பெருவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். சேலத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது, இந்த ஊசிக்கு மட்டும் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகம் போன்ற மையத்துக்குப் போக வேண்டும். போடும் கிழமையைக் கேட்டுக்கொண்டு ரயில் ஏறுங்கள். "ஊசியே வேண்டாம், அட்டை மட்டும் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் சிக்காதீர்கள், அது போலி ஆவணக் குற்றம். முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, வயது 60 தாண்டியிருந்தாலோ முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

டாலர் மாற்றும்போது கிழிசலோ கிறுக்கலோ இல்லாத தாளாகக் கேட்டு வாங்குங்கள். பெருவில் ஓரம் சற்றுக் கிழிந்திருந்தாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். அங்கே விடுதிதோறும் கொடுக்கும் கோகா இலை டீயைக் குடிக்கலாம், அந்நாட்டில் சட்டப்படி சரி. ஆனால் அதன் பாக்கெட்டில் ஒன்றைக்கூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள். நம் சட்டத்தில் கோகா இலை போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது, டீத்தூள் என்று சொன்னாலும் சுங்கத்தில் விடமாட்டார்கள்.