டிரங்க் போர்டிலிருந்து ஒரு கேள்வி

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 76. மதுரை தொலைபேசி நிலையத்தில், வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1970-ல் நான் சேர்ந்தபோது அது தபால் தந்தித் துறை. காதில் ஹெட்செட், எதிரே போர்டு, கையில் பென்சில், பக்கத்தில் டிக்கெட் கட்டு. விளக்கு எரிந்தால், கார்டு என்று நாங்கள் சொல்லும் வயரை எடுத்து ஜாக் துளையில் செருக வேண்டும். யாராவது பம்பாய்க்கு கால் புக் செய்தால் நான் மெட்ராஸ் போர்டைக் கூப்பிடுவேன், அவர்கள் பம்பாயைக் கூப்பிடுவார்கள். லைன் கிடைக்க இரண்டு மணி நேரமும் ஆகும், ராத்திரி முழுக்கவும் ஆகும். சாவுச் செய்தி என்றால் லைட்னிங் கால், எட்டு மடங்கு கட்டணம். கடன் வாங்கியாவது கட்டுவார்கள். மூன்று நிமிடம் முடிந்ததும் "எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" என்று நான்தான் குறுக்கே போய்க் கேட்பேன். அழுதுகொண்டிருப்பவர்களிடமும் கேட்டிருக்கிறேன்.

இப்போது என் பேத்தி டொரன்டோவில் இருக்கிறாள். தினமும் வீடியோ காலில் வருகிறாள். அவள் அங்கே பல் தேய்த்துக்கொண்டே பேசுவாள், நான் இங்கே கீரை ஆய்ந்துகொண்டே பேசுவேன். ஜன்னலைத் திறந்து பனி கொட்டுவதைக் காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதைச் சொன்னால், "இதுல என்ன பாட்டி அதிசயம், எல்லார்கிட்டயும்தான் இருக்கு" என்று சிரிக்கிறாள். என் மகனும், "அம்மா இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கா" என்கிறான்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். இப்படி வியப்பது அறியாமையா? லைன் போடுவதையே தொழிலாகச் செய்தவளுக்கு இந்த லைன் எப்படிப் போகிறது என்று புரியவில்லையே என்று மனசுக்குள் உறுத்துகிறது. இன்னொன்று, எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, போலீஸ் உடுப்போடு வீடியோ காலில் வந்த ஒருவன் மிரட்டிப் பணத்தைப் பிடுங்கிவிட்டான். அதிலிருந்து போன் அடித்தாலே எனக்கு ஒரு பயமும் சேர்ந்து வருகிறது. இந்த வியப்பையும் பயத்தையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர், மதுரை

•

அன்புள்ள அம்மா,

வியப்பதில் அறியாமை ஒன்றும் இல்லை. "இதுல என்ன அதிசயம்" என்கிற பேத்தியிடம், உன் முகம் எப்படியம்மா இங்கே வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "நெட்ல வருது" என்பதைத் தாண்டி அவளால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிறந்தபோதே வீட்டில் இருந்த பொருளை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒரு குரலை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுசேர்க்க எத்தனை பேரின் கை வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்தவருக்குச் சிலிர்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

லைன் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் போர்டிலிருந்தே தொடங்கலாம். நீங்கள் கார்டைச் செருகியதும் மதுரைக்கும் பம்பாய்க்கும் நடுவே முழுசாக ஒரு பாதை உண்டானது. அந்த மூன்று நிமிடமும் அது அந்த இருவருக்கு மட்டுமே. அவர்கள் பேசாமல் விசும்பிக்கொண்டிருந்தாலும் வேறு யாருக்கும் அதில் இடம் கிடையாது. வரிசையும் காத்திருப்பும் எட்டு மடங்கு கட்டணமும் அதனால்தான் வந்தன.

இன்று அப்படி யாருக்கும் தனிப்பாதை போடுவதில்லை. பேத்தியின் குரலும் முகமும் சின்னச் சின்னத் துண்டுகளாகின்றன. ஒவ்வொரு துண்டிலும் எங்கிருந்து, எங்கே என்ற முகவரியும் எத்தனையாவது துண்டு என்ற எண்ணும் இருக்கும். வழியில் உள்ள கருவிகள் முகவரியைப் படித்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுகின்றன. எல்லாத் துண்டும் ஒரே வழியில்தான் வர வேண்டும் என்றில்லை. உங்கள் போன் அவற்றை வாங்கி வரிசைப்படுத்திக் கோக்கிறது. பிந்திவரும் துண்டுக்காக அது அதிகம் காத்திருப்பதில்லை. அப்போதுதான் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். ஒரே தடத்தில் லட்சக்கணக்கானவர்களின் துண்டுகள் கலந்து ஓடுகின்றன, ஒருவர் மௌனமாக இருக்கும் நேரம் இன்னொருவருக்குப் பயன்படுகிறது. அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் இருவரும் 1960களில் தனித்தனியாக இந்த யோசனைக்கு வந்துசேர்ந்தார்கள். நீங்கள் வேலையில் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, 1969-ல், அமெரிக்காவில் இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் நான்கு இடங்களை இந்த முறையில் இணைத்துவிட்டது. மதுரையில் நீங்கள் ஹெட்செட்டை மாட்டிய நாளில் உங்கள் போர்டுக்கு மாற்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது கண்ணாடி. கடலைத் தாண்டும் பேச்சு செயற்கைக்கோள் வழியாகப் போகிறது என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். கண்டம் விட்டுக் கண்டம் போகும் பேச்சும் படமும் அநேகமாக முழுவதும் கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள்களில்தான் போகின்றன. கேபிளுக்குள் தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை, இழைக்குள் ஒளி. சென்னையில் அப்படிப்பட்ட பல கேபிள்கள் கரையேறுகின்றன. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-லேயே ஒன்று போட்டுவிட்டார்கள்.

கண்ணாடிக்குள் ஒளியை இவ்வளவு தூரம் அனுப்ப முடியும் என்று 1966-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் சார்லஸ் காவ். ஷாங்காயில் பிறந்தவர், அப்போது இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அன்றைய கண்ணாடியில் ஒளி இருபது மீட்டர் போவதற்குள் நூற்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். எனவே இது நடக்கிற காரியமில்லை என்று ஒதுக்கினார்கள். ஒளியைத் தின்பது கண்ணாடிக்குள் கலந்துள்ள இரும்பு போன்ற மாசுகள், அவற்றை நீக்கினால் ஒரு கிலோமீட்டருக்குப் பிறகும் நூற்றில் ஒரு பங்காவது மிஞ்சும், தொலைபேசிக்கு அதுவே போதும் என்றார் காவ். நான்கே ஆண்டில், 1970-ல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அப்படிப்பட்ட இழையைச் செய்து காட்டியது. இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டர் போன பிறகும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஒளி அப்படியே இருக்கிறது. இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. டொரன்டோவிலிருந்து மதுரைக்குச் சுற்றுவழியாக 20,000 கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஒளி ஓடும் நேரம் பத்தில் ஒரு வினாடிதான். மெட்ராஸ் போர்டு எடுக்கவே எத்தனை நேரம் காத்திருப்பீர்கள்!

காவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் அல்சைமர் என்கிற மறதிநோய் அவரைப் பீடித்திருந்தது. ஸ்டாக்ஹோமில் அவர் பெயரில் உரையை நிகழ்த்தியவர் அவர் மனைவி க்வென். உலகம் முழுவதையும் பேசவைத்த மனிதருக்கு, தான் என்ன செய்தோம் என்பதே மங்கிக்கொண்டிருந்த நேரம் அது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது, இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அந்த ஆண்டு இயற்பியல் பரிசின் மறுபாதி வில்லார்ட் பாயிலுக்கும் ஜார்ஜ் ஸ்மித்துக்கும் போனது. படத்தை மின்குறியாக மாற்றும் சில்லை 1969-ல் உருவாக்கியவர்கள். உங்கள் போனில் இருப்பது பின்னால் வந்த வேறு வகைச் சில்லு என்றாலும், பிலிம் இல்லாமல் படம் பிடிக்கும் வழியை முதலில் திறந்தவர்களில் இவர்கள் இருவரும் உண்டு. முகத்தைப் பிடிப்பது, கடலைத் தாண்ட வைப்பது, இரண்டுக்கும் ஒரே மேடையில் பரிசு!

இன்னும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பேத்தியின் முகத்தை ஓரளவு தெளிவான படமாக, புள்ளி புள்ளியாக விடாமல் அனுப்பினால் ஒரு வினாடிக்கு 66 கோடி பிட் (0 அல்லது 1 என்ற குறி) போக வேண்டும். உங்கள் இணைப்பு அதைத் தாங்காது. அதனால் படத்தைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, கண் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் அனுப்புகிறார்கள். பின்னால் இருக்கும் சுவர் அசையாமல் இருந்தால் அதைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. இப்படியே நானூறு, ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நெட் மெதுவாகும்போது முகம் சதுரம் சதுரமாகக் கலைந்து சேர்கிறதே, அடுத்த முறை கவனியுங்கள். நான் சொல்லும் சதுரங்கள் அவைதான்.

இந்தச் சுருக்கத்துக்கு அடிப்படையான கணிதத்தைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் இந்த ஆய்வுக்கு நிதி கேட்டார். யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பிட்டவர்களில் ஒருவர் எழுத, நிதி கிடைக்கவில்லை. கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து வேலை செய்தார். நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-ல் கட்டுரையை வெளியிட்டார். ஜேபெக் படமும் வீடியோ காலும் அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கின்றன. பேத்திக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் வியப்பில் அவளுக்கும் ஒரு பங்கு கிடைக்கட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கும் பதில் உங்கள் போர்டில்தான் இருக்கிறது.

ஆபரேட்டர் இல்லாத தொலைபேசி நிலையத்துக்கு 1891-ல் காப்புரிமை வாங்கியவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் நடத்தியவர். தனக்கு வரும் கால்களை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் இந்த இயந்திரத்தைச் செய்தார் என்று சொல்வார்கள். அது உண்மையோ கதையோ, நடுவில் மனிதர் வேண்டாம் என்ற எண்ணம் வென்றது. நம் நாட்டில் 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே, ஆபரேட்டர் இல்லாமல் நேராக வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்தது. பிறகு ஊர் ஊராகப் பரவி, நீங்கள் உட்கார்ந்த நாற்காலி காலியானது.

லைன் போடுவது உங்கள் வேலையில் பாதிதான். மறுபாதி, கூப்பிடுவது யார், யாரைக் கேட்கிறார் என்று விசாரிப்பது. பி.பி. கால் என்றால் குறிப்பிட்ட ஆள் லைனுக்கு வந்துவிட்டாரா என்று கேட்டு உறுதி செய்த பிறகுதான் பேச விடுவீர்கள். இன்று அந்த விசாரணை நடுவில் எங்கேயும் இல்லை. இயந்திரம் முகவரியைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. உங்கள் தெரு ஆசிரியர் வீட்டுக்குள் அந்தத் திருடன் நேராக வர முடிந்தது அதனால்தான்.

வீடியோவில் கைது செய்யும் வழக்கம் நம் சட்டத்தில் எங்கும் கிடையாது. போலீசோ சி.பி.ஐ.யோ நீதிமன்றமோ வீடியோ காலில் வந்து பணம் கேட்காது. பிரதமரே 2024 அக்டோபர் வானொலி உரையில் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவு பேர் ஏமாந்திருக்கிறார்கள். அப்படி யார் வந்தாலும் போனை வைத்துவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அவர்கள் வருகிறார்கள். பணம் போய்விட்டால் அப்போதே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. ஆசிரியர் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் நீங்களே கூட இருந்து கொடுக்க வையுங்கள். ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வது திருடனுக்கு நாம் செய்யும் உதவி.

முகத்தையும் குரலையும் போலியாகச் செய்யவும் இப்போது முடிகிறது. பேத்தியே வந்து அவசரமாகப் பணம் கேட்டாலும் வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள அவள் எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பி.பி. கால் போட்டவருக்கு இதை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. உங்கள் மகனைவிட நீங்கள்தான் இதில் தேர்ந்தவர் என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

ஒரு வேண்டுகோள். டிரங்க் போர்டு வேலையைப் பற்றித் தமிழில் உட்கார்ந்து எழுதியவர்கள் குறைவு. டிக்கெட்டில் என்னென்ன குறித்தீர்கள், மழை நாளில் லைன் எப்படி இரையும், எந்த ஊர் போர்டு சட்டென்று எடுக்கும், முகமே பார்க்காத மெட்ராஸ் ஆபரேட்டர்களோடு எப்படிப் பழக்கமானது, இரவு ஷிப்ட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். கண் ஒத்துழைக்கவில்லை என்றால் வீடியோ காலில் நீங்கள் சொல்லச் சொல்ல பேத்தி எழுதட்டும். எத்தனை பக்கம் வந்தாலும் இந்தத் தளத்தில் தொடராக வெளியிடுகிறேன்.

அன்புடன்.