எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கை மொபைலில் செருகினால் லைட் மட்டும் எரிகிறது, டிக் டிக் என்று சத்தம் வருகிறது. டிஸ்க் போய்விட்டதா?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: 1 டிபி டிஸ்க், கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடுகிறது, ஓடிஜி கேபிள் (பென் டிரைவ் மாதிரி சாமான்களைப் போனோடு இணைக்கிற கேபிள்) போட்டுப் போனில் செருகினால் மட்டும் ஃபைல் மேனேஜரில் எதுவும் வருவதில்லை. கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்றால் டிஸ்க் போகவில்லை. போன் கொடுக்கிற கரண்ட் அதற்குப் பத்தவில்லை, பெரும்பாலும் அவ்வளவுதான்.

எனக்கு இது தெரியவந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். அத்தை மகள் கல்யாணம். கேமரா வைத்திருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பப் போட்டோ எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ரிசப்ஷன் முடிவதற்குள் 64 ஜிபி கார்டு நிரம்பிவிட்டது, காலையில் முகூர்த்தம். லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டேன், பையில் டிஸ்க் மட்டும் இருந்தது. சரி, கார்டில் இருப்பதைப் போனுக்கு ஏற்றி, போனிலிருந்து டிஸ்க்குக்குத் தள்ளிவிடலாம் என்று இரவு 11 மணிக்குப் பாயில் உட்கார்ந்தேன். செருகியதும் டிஸ்க் 'ர்ர்ர்' என்று கிளம்பும், 'டிக்' என்று நிற்கும், மறுபடி கிளம்பும், மறுபடி 'டிக்'. பக்கத்தில் படுத்திருந்த சித்தப்பா கண்ணைத் திறக்காமலே, "பல்லி சொல்லுதுடா, நல்ல சகுனம்தான்" என்றார்.

வீடியோ எடுக்க வந்திருந்த அண்ணன் ஒருவர்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் பொடி எழுத்தில் 5 வோல்ட், 0.85 ஆம்பியர் என்று போட்டிருந்தது. "தம்பி, இது கேக்கறது இவ்வளவு. உங்க போன் இவ்வளவு குடுக்குமா?" என்றார். அந்தக் கேள்வியை அதுவரை நான் யோசித்ததே இல்லை. செருகினால் ஓட வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், அதாவது 5 வோல்ட்டில் 2.5 வாட். யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். இது கம்ப்யூட்டருக்கான கணக்கு. ஓடிஜி என்பது கீபோர்டு, பென் டிரைவ் மாதிரி சின்னச் சாமான்களை மனதில் வைத்து வந்தது. பழைய மைக்ரோ யூஎஸ்பி போன்கள் அதற்கும் கீழே கொடுத்தாலும் விதிமீறல் கிடையாது. பென் டிரைவுக்கு 100, 200 மில்லி ஆம்பியர் இருந்தால் பெரும்பாலும் போதும், அதனால் அது எந்தப் போனிலும் ஓடிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் அப்படியில்லை. உள்ளே நிஜமாகவே ஒரு மோட்டார் இருக்கிறது, தட்டு சுற்றுகிறது.

வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் பல்பு ஒரு நொடி மங்கும் இல்லையா, அதே கதைதான். நின்றிருக்கிற தட்டை நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்துக்குக் கொண்டுபோக, முதல் சில நொடிக்கு டிஸ்க் 1 ஆம்பியர் வரை இழுக்கும். வேகம் பிடித்துவிட்டால் அதில் பாதி போதும். போன் அந்த முதல் இழுப்பைத் தாங்காமல் கையை விரிக்கிறது, வோல்டேஜ் இறங்குகிறது, டிஸ்க், தட்டைப் படிக்கிற தன் தலையைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டு நிற்கிறது. இழுப்பு நின்றதும் வோல்டேஜ் ஏறுகிறது, டிஸ்க் மறுபடி முயல்கிறது. சித்தப்பா கேட்ட பல்லிச் சத்தம் இதுதான்.

"போன் பேட்டரி தீர்ந்துவிடுமே" என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் ஏறக்குறைய 19 வாட் அவர். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு 2.5 வாட், வோல்டேஜை ஏற்றுவதில் போகிற நட்டத்தையும் சேர்த்து 3 வாட் என்று வையுங்கள். 64 ஜிபியை நகலெடுக்க என் போனில் அரை மணி நேரம் ஆனது (டைப்-சி ஓட்டைதான், ஆனால் உள்ளே யூஎஸ்பி 2.0 வேகம், நொடிக்கு 35 எம்பி தாண்டாது). அரை மணிக்கு 1.5 வாட் அவர், அதாவது பேட்டரியில் 8 சதவீதம். போன் தனக்கு எடுத்துக்கொள்வது தனி. ஆக மொத்தச் செலவு பெரிதில்லை, அந்த முதல் இரண்டு மூன்று நொடிதான் தகராறு. எனவே பெரிய பேட்டரி உள்ள போன் வாங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போர்ட் எவ்வளவு தரும் என்பது வேறு, பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு.

கேபிளையும் சந்தேகப்படுங்கள். மெல்லிய கம்பி போட்ட 1 மீட்டர் கேபிளில் 0.9 ஆம்பியர் போனால், போகவர 0.4 வோல்ட் வரை வழியிலேயே தொலையும். போன் 5 வோல்ட் கொடுத்தாலும் டிஸ்க்கைச் சேர்வது 4.6. டிஸ்க்கோடு பெட்டியில் வருகிற கேபிள் சாண் நீளத்தில் இருப்பதைப் பார்த்துக் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நீளமாக ஒன்று வாங்கியது என் புத்திசாலித்தனம்.

சரி, தீர்வுக்கு வருவோம். டிஸ்க்குக்குச் சோறு போடும் வேலையைப் போனிடமிருந்து பிடுங்கி வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டும். போன் டேட்டாவை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் போன் டைப்-சி என்றால், சார்ஜர் செருக ஒரு ஓட்டை உள்ள டைப்-சி ஹப் (போனின் ஒரு ஓட்டையைப் பலவாகப் பிரித்துத் தருகிற சின்னப் பெட்டி) வாங்குங்கள். அந்த ஓட்டையின் பக்கத்தில் PD என்று போட்டிருக்கும், பவர் டெலிவரி. சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் ஹப்பில் பிரிந்து டிஸ்க்குக்கும் போகும், போனுக்கும் ஏறும். மண்டபத்தில் அந்த அண்ணன் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது இதைத்தான். செருகியதும் டிஸ்க் ஒரே மூச்சில் வேகம் பிடித்தது, போனில் பெயர் வந்தது. எல்லாப் போனும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. சார்ஜ் ஏறினால் டேட்டாவை நிறுத்திவிடுகிற மலிவு போன்கள் உண்டு. கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பழைய மைக்ரோ யூஎஸ்பி போன் என்றால், தனி அடாப்டரோடு வருகிற சாதாரண யூஎஸ்பி ஹப் போதும். போனிலிருந்து ஓடிஜி, அதிலிருந்து ஹப், ஹப்பில் டிஸ்க். டிஸ்க்கின் சாப்பாட்டை அடாப்டர் பார்த்துக்கொள்ளும், போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏறாது. ஒய் கேபிள் என்று மூன்று தலை உள்ள ஒன்றும் விற்கிறார்கள், ஒரு தலையைப் பவர் பேங்கில் செருகுவது. மைக்ரோ யூஎஸ்பி காலத்தில் நானும் அதில் ஓட்டியிருக்கிறேன். டைப்-சி போனில் அதைப் போட எனக்கு மனம் வராது. மலிவு கேபிளில் பவர் பேங்கின் 5 வோல்ட்டும் போனின் 5 வோல்ட்டும் ஒரே கம்பியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

பவர் பேங்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. இழுப்பு குறைந்தால், எதுவும் செருகவில்லை என்று நினைத்துக்கொண்டு தானே அணைந்துவிடுகிற ரகம் நிறைய. பெரிய ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இருக்கும்போது டிஸ்க் ஓய்வுக்குப் போகும், பவர் பேங்க் அணையும், டிஸ்க் காணாமல் போகும்.

ஐபோன் 15 முதல் டைப்-சி வந்துவிட்டது. அதன் போர்ட் 4.5 வாட் வரை தரும், அதனால் சின்ன எஸ்எஸ்டிகள் (சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க்குகள்) பல நேரடியாகவே ஓடிவிடும். அதற்கு மேல் கேட்டால் மின்சாரம் கொடுக்கும் ஹப் வழியாகத்தான். அதற்கு முந்தைய, லைட்னிங் ஓட்டை உள்ள ஐபோன்களுக்கு, பக்கத்திலேயே சார்ஜர் ஓட்டை உள்ள கேமரா அடாப்டர் இருக்கிறது.

மண்டபக் கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். நகல் பாதி தாண்டியிருக்கும். அந்த ஹாலில் வேலை செய்கிற ப்ளக் பாயின்ட் இரண்டே இரண்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வந்து, "யார்து இது?" என்றுகூடக் கேட்காமல் என் சார்ஜரைப் பிடுங்கித் தன்னுடையதைச் செருகினார். அந்த நொடியில் போன் 'வாங்குகிறவன்' நிலையிலிருந்து 'கொடுக்கிறவன்' நிலைக்கு மாற வேண்டும். அந்த இடைவெளியில் டிஸ்க்குக்கு மின்சாரம் அறுந்து, போய்விட்டது. திரும்ப வந்தபோது அப்போது ஏறிக்கொண்டிருந்த நலங்கு வீடியோ டிஸ்க்கில் 0 கேபி. கார்டை அதுவரை அழிக்கவில்லை என்பதால் தப்பித்தேன். சார்ஜரைப் பாதியில் செருகினாலும் இதே கதிதான். அதனால் முதலில் ஹப்புக்குச் சார்ஜர், அப்புறம் டிஸ்க், கடைசியாகப் போன். நகல் முடிந்து 'எஜெக்ட்' கொடுக்கும் வரை எதையும் தொடக்கூடாது. நானாக இருந்தால் ப்ளக் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். அன்று மறுபடி ஓட்டியபோது அப்படித்தான் செய்தேன், இரவு ஒன்றரை வரை.

இவ்வளவும் செய்து டிஸ்க் சத்தமில்லாமல் சுற்றியும் போனில் வரவில்லை என்றால், அது மின்சாரப் பிரச்சினை இல்லை. சில போன்களில் செட்டிங்ஸுக்குள் ஓடிஜி என்று தனி ஸ்விட்ச் இருக்கும், 10 நிமிடம் சும்மா விட்டால் தானே ஆஃப் ஆகிவிடும். அதைப் பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை என்டிஎஃப்எஸ் ஆக இருக்கும், நிறைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு அது புரியாது. எக்ஸ்ஃபேட் முறை என்றால் பெரும்பாலான புதுப் போன்கள் படிக்கும். ஃபேட்32 எல்லாவற்றிலும் வரும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. இப்படிப் புரியாதபோதும், மின்சாரம் பத்தாமல் அரைகுறையாக இணைந்தபோதும், "டிரைவில் கோளாறு, ஃபார்மேட் செய்யவா?" என்று போன் கேட்கும். தயவுசெய்து அதை மட்டும் அமுக்காதீர்கள். அமுக்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் இரண்டு பேர்.

இனிமேல்தான் டிஸ்க் வாங்கப் போகிறீர்கள், அதுவும் போனுக்காகத்தான் என்றால், சுற்றுகிற டிஸ்க்கே வேண்டாம். மோட்டார் இல்லாத சின்ன எஸ்எஸ்டி வாங்கிவிடுங்கள். அதிலும் அதிவேகம் என்று விளம்பரப்படுத்துகிற ரகங்கள் எழுதும்போது நன்றாகவே இழுக்கும், போனுக்குச் சாதாரண ரகம் போதும். மேஜையில் வைக்கிற பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் அது 12 வோல்ட் அடாப்டரோடு வரும். அதற்குப் போனின் மின்சாரமே தேவையில்லை, வெறும் ஓடிஜி போதும்.

உங்களுடையதைத் திருப்பி அடியில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதையும் போன் மாடலையும் கீழே எழுதினால் எந்த மாதிரி ஹப் ஒத்துவரும் என்று சொல்கிறேன்.